குஸ்னெத்சோவ் முதல் கோவால்ஸ்கி வரை: ஸ்லாவியக் கொல்லர் பெயர்களைப் பிரித்துப் படிக்க ஒரு முழு வழிகாட்டி

2017 மார்ச் மாதம் அரக்கோணத்தில் உள்ள ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில் இந்தியக் கடற்படை தன் டியு-142 விமானங்களுக்கு விடை கொடுத்தது. ஒவ்வொரு விமானத்திலும் நான்கு என்.கே.-12 எஞ்சின்கள் இருந்தன. அந்த 'என்.கே.' என்பது அவற்றை உருவாக்கிய நிறுவனத்தின் தலைவருடைய பெயரின் முதலெழுத்துகள்: நிக்கோலாய் குஸ்னெத்சோவ். அதே வருடம் செப்டம்பரில் ஜார்ஜியா நாட்டின் திபிலீசி நகரில் செஸ் உலகக்கோப்பை நடந்தது. விஸ்வநாதன் ஆனந்த் இரண்டாவது சுற்றிலேயே வெளியேறினார். அவரை வீழ்த்தியவர் கனடாவுக்காக ஆடிய அன்டோன் கோவல்யோவ்.

குஸ்னெத்சோவ், கோவல்யோவ். கேட்கும்போது இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல இருக்கிறது. ஆனால் பொருள் ஒன்றுதான்: கொல்லன் வீட்டுப் பிள்ளை.

ரஷ்யா, உக்ரைன், போலந்து, செக், குரோவேஷியா என்று ஸ்லாவிய மொழிகள் பேசும் எந்த நாட்டுச் செய்தியைத் திறந்தாலும் இந்தக் கொல்லர் பெயர்கள் கண்ணில் படும். விளையாட்டுச் செய்தி மொழிபெயர்ப்பவர்கள், தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுபவர்கள், அந்த நாடுகளில் படிக்கப் போகிற மாணவர்கள், பெயர்களின் மேல் ஆசை கொண்டவர்கள் எல்லோருக்கும் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஒரு பெயரை எப்படிப் பிரிப்பது, அதிலிருந்து என்ன தெரிந்துகொள்ளலாம், எங்கே ஏமாந்துபோவோம் என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். கொல்லரை வைத்துப் பழகிவிட்டால் குயவர், தச்சர், மாவரைப்பவர் பெயர்களையும் இதே முறையில் படித்துவிடலாம்.

முதல் படி: வேரைப் பிடியுங்கள்

பழைய ஸ்லாவிய மொழியில் இரும்பை அடித்து வடிப்பதற்கு 'கோவாதி' என்று பெயர். இதில் 'கோவ்' என்பதுதான் வேர். அடிப்பவனைக் குறிக்க ஒவ்வொரு பகுதியும் இந்த வேரோடு வேறு வேறு விகுதியைச் சேர்த்துக்கொண்டது. உக்ரைனியர்கள் 'கோவல்' என்றார்கள், பெலாரூசியர்கள் 'கவல்', போலந்துக்காரர்கள் 'கோவால்'. செக் மொழியில் 'கோவார்ஷ்'. ஸ்லோவாக்கியாவில் தொடங்கித் தெற்கே ஸ்லோவேனியா, குரோவேஷியா, செர்பியா, பல்கேரியா வரைக்கும் 'கோவாச்'.

ரஷ்ய மொழியில் மட்டும் 'குஸ்னெத்ஸ்'. இது எங்கிருந்து வந்தது என்று தோன்றும். இதுவும் அதே குடும்பம்தான். ரஷ்ய மொழியில் அடிப்பது 'கொவாத்', நான் அடிக்கிறேன் என்றால் 'குயு'. ஒரே வினைச்சொல்லுக்குள்ளேயே 'கோவ்', 'கு' ஆகிறது. நமக்கு இது புதிதில்லை. சாகிறான் என்கிறோம், செத்தான் என்கிறோம், இரண்டும் ஒரே வினைதான். அந்தக் 'கு'விலிருந்து வந்தவைதான் 'குஸ்னியா' என்ற உலைக்களமும் 'குஸ்னெத்ஸ்' என்ற கொல்லனும்.

ஆகவே நினைவில் வைக்க வேண்டியவை மூன்று அசைகள்: கோவ், கவ், குஸ். ஒரு ஸ்லாவியப் பெயர் இவற்றில் ஒன்றோடு தொடங்கினால், கொல்லனாக இருக்கலாம் என்று ஒரு சின்னக் குறி போட்டுக்கொள்ளுங்கள். இப்போதைக்குக் குறி மட்டும் போதும், முடிவு வேண்டாம்.

இந்த வேர் அன்றாடப் பேச்சில் எங்கெங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பது எனக்கு எப்போதும் சந்தோஷம் தரும். ரஷ்ய மொழியில் குதிரை லாடம் 'பொத்கோவா'. வெட்டுக்கிளி 'குஸ்னேசிக்', அதாவது குட்டிக் கொல்லன். அதன் டிக் டிக் சத்தம் சுத்தியல் சத்தம்போல இருப்பதால் வந்த பெயர் என்பார்கள். போலந்தில் மரத்தைக் கொத்தும் ஒரு சின்னப் பறவைக்குக் 'கோவாலிக்' என்று பெயர். கிழக்கு ஸ்லாவியக் கிராமங்களில் புனித கோஸ்மாஸ், தமியான் என்ற இரட்டையர்தான் கொல்லர்களின் காவலர்கள். உண்மையில் அவர்கள் மருத்துவர்கள். ஆனால் கோஸ்மாஸ் ரஷ்ய நாக்கில் 'குஸ்மா' ஆனதும் குஸ்மாவும் குஸ்னெத்ஸும் காதில் ஒன்றாக ஒலித்தன. கதை அவர்களைக் கொல்லர்களாகவே ஆக்கிவிட்டது. அவர்கள் ஒரு பெரிய பாம்பின் நாக்கைச் சிவக்கக் காய்ந்த குறட்டால் பிடித்து, அதை ஏரில் பூட்டி உழுதார்களாம். உக்ரைனில் கீவ் நகருக்குத் தெற்கே உள்ள பழைய மண் அரண்களை, அப்படி உழுத சாலிலிருந்து வந்தவை என்று சொல்லி இன்றும் 'பாம்பு அரண்கள்' என்றே அழைக்கிறார்கள்.

இவ்வளவு பேருக்கு ஏன் இதே பெயர்? கொல்லர்கள் ஏராளமாக இருந்தார்கள் என்பதல்ல காரணம். ஒரு கிராமத்தில் ஒரே ஒரு கொல்லர்தான் இருப்பார். எல்லோரும் உழுகிற ஊரில் 'உழவன்' என்று சொன்னால் யாரையும் அடையாளம் தெரியாது. 'கொல்லன் வீட்டு இவான்' என்றால் உடனே தெரியும். ஊருக்கு ஒருவர் என்பதால் அது பட்டப்பெயராக நிலைத்தது. ஊர்கள் பல்லாயிரம் என்பதால் பெயரும் பல்லாயிரம் இடங்களில் தனித்தனியாகப் பிறந்தது. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயம்தான் மனதில் நிற்க வேண்டும் என்றால் இதுதான். ஒரே பெயர் என்பதால் ஒரே குடும்பம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். போலந்தில் நோவாக்குக்கு அடுத்தபடியாக அதிகம் பேருக்கு உள்ள குடும்பப்பெயர் கோவால்ஸ்கி. அவர்கள் எல்லோரும் பங்காளிகள் இல்லை.

இரண்டாம் படி: வாலைப் பாருங்கள்

பெயரின் தலை தொழிலைச் சொல்லும். வால் பெரும்பாலும் நாட்டைச் சொல்லும். அவசரத்தில் தலையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்குப் பாதி விஷயம் தெரியாமலே போய்விடும்.

'ஓவ்', 'எவ்', 'யோவ்' என்று முடிந்தால் ரஷ்யா அல்லது பல்கேரியா. நம் ஊரில் ஒரு குழந்தையைப் பார்த்து "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்போம் அல்லவா, அதற்குப் பதில்தான் இந்த விகுதி. குஸ்னெத்ஸ் என்ற கொல்லருடைய பிள்ளை குஸ்னெத்சோவ். கோவலுடைய பிள்ளை கோவல்யோவ். பல்கேரியாவில் கோவாச்சுடைய பிள்ளை கோவாச்செவ். ரஷ்யாவுக்குள்ளேயே ஏன் குஸ்னெத்சோவ், கோவல்யோவ் என்று இரண்டு வகை? ரஷ்யாவின் தென்மேற்கில், உக்ரைனையும் பெலாரூசையும் ஒட்டிய வட்டாரங்களில், கொல்லரைப் பேச்சில் 'கோவல்' என்றுதான் சொன்னார்கள். அதனால் கோவல்யோவ் என்ற பெயர் குடும்பத்தின் பழைய வட்டாரத்தையும் ஓரளவு காட்டிக்கொடுக்கிறது.

'என்கோ' என்று முடிந்தால் உக்ரைன். கோவலென்கோ என்றால் கொல்லன் மகன், சின்னக் கொல்லன். 1649-இல் எழுதப்பட்ட, உக்ரைனின் ஸாப்பரோழிய கோஸாக் என்ற போர்வீரர் படையின் பதிவேட்டைப் பார்த்தால் 'என்கோ' பெயர்கள் வரிசை வரிசையாக வருகின்றன. மேற்கு உக்ரைன் பக்கம் போனால் 'சுக்' அதிகம்: கோவல்சுக். மகன் என்றும் கொள்ளலாம், பட்டறையில் துருத்தி ஊதிய எடுபிடிப் பையன் என்றும் கொள்ளலாம். போலந்தின் கோவால்ச்சிக்கும் இதற்கு நேர் சகோதரன்தான்.

தெற்கே 'இச்'. கோவாச்சிச் என்றால் சின்னக் கொல்லன். கோவாச்செவிச் என்றால் இரண்டு விகுதிகள் அடுக்கி நிற்கின்றன: கோவாச், எவ், இச். கொல்லனுடையவன், அவனுடைய பிள்ளை. குரோவேஷியா, செர்பியா, பொஸ்னியா மூன்றிலும் இது மிகச் சாதாரணமான பெயர். செக், ஸ்லோவாக் பக்கம் 'இக்': கோவார்ஷிக், கோவாச்சிக்.

வாலே இல்லாமல் மொட்டையாக நிற்பதும் உண்டு. கோவல், கோவாச், குஸ்னெத்ஸ். நாடுகளின் தேசிய வருமானத்தைக் கணக்கிடும் முறையை உருவாக்கிய பொருளியலாளர் சைமன் குஸ்னெட்ஸ் அப்படி ஒருவர். 1901-இல் இன்றைய பெலாரூசில் உள்ள பின்ஸ்க் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்து, அமெரிக்காவுக்குப் போய், 1971-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். ஜிடிபி என்று நாம் தினமும் கேட்கிற அளவுகோலின் பின்னால் ஒரு 'கொல்லர்' நிற்கிறார். ஒரு நாட்டு மக்களின் நலனை இந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது என்று 1934-லேயே அமெரிக்க செனட்டுக்குக் கொடுத்த அறிக்கையில் எச்சரித்தவரும் அவர்தான்.

இனி 'ஸ்கி'. இதில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். 'ஸ்கி' என்பது அடைமொழி விகுதி. போலந்தில் அது முதலில் நிலவுடைமையாளர்களின் பெயர்களில் வந்தது: இன்ன ஊரைச் சேர்ந்தவர் என்ற பொருளில். அப்புறம் அதன் மதிப்பைப் பார்த்துச் சாதாரணக் குடும்பங்களும் சேர்த்துக்கொண்டன. ஆகவே கோவால்ஸ்கி என்பவர் கொல்லரின் வழியில் வந்தவராகவும் இருக்கலாம், 'கோவாலே' என்ற ஊரைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். கோவலெவ்ஸ்கி என்று நடுவில் 'எவ்' இருந்தால் பெரும்பாலும் 'கோவாலெவோ' போன்ற ஓர் ஊர்தான் காரணம். அதாவது கொல்லனால் ஊருக்குப் பெயர், ஊரால் குடும்பத்துக்குப் பெயர்.

இதற்கு நல்ல உதாரணம் கணித மேதை சோஃபியா கோவலெவ்ஸ்காயா. 1850-இல் பிறந்தவர். 1874-இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1889-இல் ஸ்டாக்ஹோமில் முழுப் பேராசிரியர் ஆனார். ஆனால் அந்தப் பெயர் அவர் பிறந்த வீட்டுப் பெயரே அல்ல. பிறந்த வீடு கோர்வின்-குருகோவ்ஸ்கி. பெண்கள் தனியாக வெளிநாடு போய்ப் படிக்க முடியாத காலம் என்பதால், படிப்பதற்காகவே பெயரளவில் ஒரு திருமணம் செய்துகொண்டார். கணவர் தொல்லுயிரியல் அறிஞர் விளாதிமிர் கோவலெவ்ஸ்கி. அந்தப் பெயருக்குள் ஒரு கொல்லன் இருக்கிறான் என்றாலும், அவனுக்கும் சோஃபியாவுக்கும் நடுவில் ஓர் ஊரும் ஒரு திருமணமும் இருக்கின்றன.

மூன்றாம் படி: பெண்ணின் பெயரைத் தனியாகப் பாருங்கள்

அண்ணன் குஸ்னெத்சோவ் என்றால் தங்கை குஸ்னெத்சோவா. 2004-இல் அமெரிக்க ஓப்பனையும் 2009-இல் பிரெஞ்சு ஓப்பனையும் வென்ற ஸ்வெத்லானா குஸ்னெத்சோவாவை டென்னிஸ் பார்ப்பவர்களுக்குத் தெரியும். கோவால்ஸ்கியின் மகள் கோவால்ஸ்கா. இறை இரக்கப் பக்தியால் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு நன்கு அறிமுகமான புனித ஃபவுஸ்தினாவின் குடும்பப்பெயர் அதுதான். 1905-இல் பிறந்து 1938-இல் இறந்த அவரை 2000-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் புனிதராக அறிவித்தார்.

எல்லாப் பெயரும் இப்படி மாறாது. கோவலென்கோ ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. குரோவேஷிய, செர்பியப் பெயர்களான கோவாச், கோவாச்செவிச் இரண்டும் மாறாது. போலந்தின் கோவால்ச்சிக்கும் இன்றைய வழக்கில் மாறுவதில்லை. 2010, 2014 குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு ஓட்டத்தில் தங்கம் வென்ற யுஸ்தினா கோவால்ச்சிக் அப்படித்தான். பழைய வழக்கில் மனைவியைக் 'கோவால்ச்சிகோவா' என்றும், மணமாகாத மகளைக் 'கோவால்ச்சிகுவ்னா' என்றும் பிரித்துச் சொன்னார்கள்.

செக் நாட்டில் கோவார்ஷின் மகள் கோவார்ஷோவா. 2022 ஜனவரி 1 முதல் அங்கே சட்டம் மாறியிருக்கிறது. பெண்கள் விரும்பினால் 'ஓவா' இல்லாமலே பதிந்துகொள்ளலாம். ஆகவே ஒரு செக் பெண்ணின் பெயரில் 'ஓவா' இல்லை என்றால் அவர் வெளிநாட்டவர் என்று முடிவு கட்டவேண்டாம். தமிழில் எழுதும்போது செய்யக்கூடாத ஒன்று, நாமாகவே 'ஆ' சேர்ப்பதும் வெட்டுவதும். அவர் எப்படி எழுதிக்கொள்கிறாரோ அப்படியே எழுதுங்கள்.

நான்காம் படி: ஆங்கில எழுத்தை நம்பாமல் ஒலியைத் தேடுங்கள்

நமக்கு இந்தப் பெயர்கள் ஆங்கிலம் வழியாக வருகின்றன. பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

போலந்து மொழியில் 'டபிள்யூ' எழுத்துக்கு 'வ' ஒலி. உதட்டைக் குவித்துச் சொல்லவேண்டாம். அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில்: கோ-வால்-ஸ்கி. குரோவேஷியாவில் 'சி' எழுத்தின் மேல் சின்ன 'வி' போலக் குறி இருந்தால் அது 'ச்'. அந்தக் குறி அச்சில் விழாமல் போனால் நம் செய்தித்தாளில் 'கோவாக்' என்றோ 'கோவாசிக்' என்றோ வந்துவிடும். கால்பந்து வீரர் மத்தேயோ கோவாச்சிச் பாவம், எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறார்! ஹங்கேரியில் 'சி', 'எஸ்' இரண்டும் சேர்ந்தால் 'ச்'. அவர்களுடைய பெயரும் கோவாச் என்றுதான் ஒலிக்கும், கோவாக்ஸ் அல்ல.

ரஷ்யப் பெயர்களில் 'யோ' என்ற எழுத்துக்கு மேலே இரண்டு புள்ளி வைக்க வேண்டும். ரஷ்யர்களே அச்சில் அதைப் பெரும்பாலும் வைப்பதில்லை. புள்ளி போனால் எழுத்து 'யெ' போல ஆகிவிடும். அதனால் ஆங்கிலத்தில் ஒருவர் கோவல்யோவ், இன்னொருவர் கோவலெவ். ஆனந்தை வென்ற அன்டோன் கோவல்யோவும், 2018-இல் ஏரோஃப்ளோட் ஓப்பன் செஸ் போட்டியை வென்ற பெலாரூசின் விளாதிஸ்லாவ் கோவல்யோவும் ரஷ்ய எழுத்தில் அச்சு அசலாக ஒரே பெயர்க்காரர்கள். ஆங்கிலத்தில் மட்டும் இரண்டு பேரும் இரண்டு விதம். தமிழில் இருவருக்கும் 'கோவல்யோவ்' என்று எழுதுவதே சரி.

பெலாரூசிய மொழி இன்னொரு வேலை செய்கிறது. அழுத்தம் விழாத 'ஓ'வை 'அ' என்று சொல்வதோடு, அப்படியே எழுதியும் விடுகிறது. கோவலென்கோ அங்கே கவலென்கா. ஒரே ஆளுக்குப் பாஸ்போர்ட்டில் கவலென்கா, பழைய சோவியத் சான்றிதழில் கோவலென்கோ என்று இருப்பது சகஜம்.

ஒரு சின்ன எச்சரிக்கையும் இங்கேயே. தமிழ் எழுத்தில் 'கோவல்' என்று பார்த்ததும் கோவலனும் திருக்கோவலூரும் ஞாபகம் வரும். சம்பந்தம் கிடையாது. நம் கோவலன் ஆயர் குலத்துச் சொல். அவர்களுடைய கோவல் உலைக்களத்துச் சொல். ஒலி ஒத்துப்போவதை வைத்து உறவு கட்டினால் பிறகு எல்லாமே தப்பாகப் போகும்.

ஐந்தாம் படி: ஊர் முதலா, ஆள் முதலா?

எனக்கு மிகவும் பிடித்த படி இது. கொல்லர் வேர் கொண்ட ஊர்கள் ஸ்லாவிய நிலம் முழுக்க இருக்கின்றன. ஆனால் அவை பெயர் பெற்ற வழிகள் வேறு வேறு.

முதல் வழி, பணி ஊர்கள். இடைக்காலப் போலந்திலும் செக் நாட்டிலும் ஹங்கேரியிலும் மன்னரின் கோட்டைக்குத் தேவையான ஒரே வேலையைச் செய்து கொடுக்கும் கிராமங்கள் இருந்தன. அந்தத் தொழிலின் பன்மைச் சொல்லே ஊர்ப்பெயர். கோவாலே என்றால் கொல்லர்கள், பியெகாரி ரொட்டி சுடுபவர்கள், பெத்னாரி பீப்பாய் செய்பவர்கள், ஷ்சித்னிகி கேடயம் செய்பவர்கள். போலந்து வரைபடத்தை எடுத்து இந்தப் பெயர்களைத் தேடிப் பாருங்கள், அந்தக் காலத்து அரண்மனைச் செலவுக் கணக்கையே விரித்துப் பார்ப்பதுபோல இருக்கும். கோவால் என்றே பெயருள்ள சிற்றூரில்தான் 1310-இல் போலந்தின் பெருமன்னர் மூன்றாம் காசிமிர் பிறந்தார்.

இரண்டாம் வழி, நகருக்குள் கொல்லர் தெரு. பொஸ்னியத் தலைநகர் சரயேவோவின் 'கோவாச்சி' அப்படிப்பட்டது. மாஸ்கோவின் புகழ்பெற்ற 'குஸ்னெத்ஸ்கி மோஸ்த்' தெருவின் பெயருக்குக் கொல்லர் பாலம் என்று பொருள். 15-ஆம் நூற்றாண்டில் பீரங்கி வார்க்கும் பட்டறை அங்கே வந்தது, சுற்றிலும் கொல்லர்கள் குடியேறினார்கள். பக்கத்தில் ஓடிய நெக்லின்னயா ஆற்றின் மேல் பாலம் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆற்றை மண்ணுக்குள் குழாயில் விட்டுவிட்டார்கள். கொல்லரும் இல்லை, பாலமும் இல்லை. பெயர் மட்டும் 1975-இல் திறந்த மெட்ரோ நிலையம்வரை வந்து சேர்ந்துவிட்டது.

மூன்றாம் வழிதான் ஆச்சரியமானது: ஒரு மக்கள் கூட்டமே கொல்லர் என்று அழைக்கப்பட்டது. சைபீரியாவின் தெற்கில் தோம் ஆற்றங்கரையில் வாழும் ஷோர் மக்கள் துருக்கிய மொழி பேசுபவர்கள். இரும்புத் தாதை உருக்கி அடிப்பதில் கைதேர்ந்தவர்கள். அங்கே வந்த ரஷ்யர்கள் அவர்களைக் 'கொல்லர்த் தாத்தார்கள்' என்றார்கள். 1618-இல் கட்டிய கோட்டைக்குக் குஸ்னெத்ஸ்க் என்று பெயர் வைத்தார்கள். 1857-இல் தஸ்தயெவ்ஸ்கி தன் முதல் மனைவியை மணந்தது இந்தச் சிற்றூரில்தான். சுற்றிலும் நிலக்கரி கிடைத்தபோது அந்தப் படுகைக்கும் குஸ்னெத்ஸ்க் படுகை, சுருக்கமாக 'குஸ்பாஸ்', என்றே பெயர். அங்கே எழுந்த எஃகு நகரம் 1932 முதல் 1961 வரை ஸ்தாலின்ஸ்க் ஆக இருந்து, பிறகு நோவோகுஸ்னெத்ஸ்க் ஆனது. புதுக் கொல்லனூர் என்று நாம் சொல்லலாம். ஓர் ஆதிக்குடியின் உலையில் தொடங்கிய பெயர் ஊதுலைகள் நிற்கும் நகரம்வரை வந்திருக்கிறது. அந்தப் பெயருக்கு உரியவர்கள் ஷோர்கள் என்பது மட்டும் பெயரைப் பார்த்தால் தெரியாது.

நான்காம் வழி, ஒரு தனிமனிதரின் குடும்பப்பெயரை ஊருக்கு வைப்பது. உக்ரைனின் ரிவ்னே மாகாணத்தில் அணுமின் நிலையத்துக்காக எழுப்பிய நகரத்துக்குச் சோவியத் காலத்தில் குஸ்னெத்சோவ்ஸ்க் என்று பெயர் வைத்தார்கள். 2016-இல் அது வராஷ் என்று மாற்றப்பட்டது. குஸ்னெத்ஸ்க், குஸ்னெத்சோவ்ஸ்க்: நடுவில் ஓர் 'ஓவ்' மட்டும்தான் வித்தியாசம். 'ஓவ்' இல்லாவிட்டால் தொழிலிலிருந்து வந்த ஊர், 'ஓவ்' இருந்தால் குஸ்னெத்சோவ் என்ற ஆளிடமிருந்து வந்த ஊர். இரண்டாம் படியில் வாலைப் பார்க்கச் சொன்னது இதற்கும் உதவும்.

பல்கேரியாவில் 'எவ்த்சி' என்று முடிந்தால் இன்னாரின் ஆட்கள் என்று பொருள். கோவாச்செவ்த்சி என்ற கிராமத்தில்தான் 1882-இல் பல்கேரியக் கம்யூனிஸ்ட் தலைவர் கியோர்கி திமித்ரோவ் பிறந்தார். செர்பியாவின் கோவாச்சிட்சாவையும் விட்டுவிட முடியாது. 1802-இல் ஸ்லோவாக் விவசாயிகள் வந்து குடியேறிய ஊர் அது. அவர்களுடைய வாரிசுகள் பள்ளிக்கூடம் போய்க் கற்காமல் தாங்களாகவே வரைந்த வண்ண வண்ணமான கிராம ஓவியங்களால் உலகப் புகழ் பெற்றார்கள். மார்த்தின் யோனாஷ், சுசானா ஹலுபோவா இருவரும் அவர்களில் முக்கியமானவர்கள். 2024-இல் அந்த ஓவியக் கலை யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. கொல்லர் பெயருள்ள ஊர் தூரிகையால் பெயர் வாங்கியிருக்கிறது.

ஆறாம் படி: ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்து வையுங்கள்

நிக்கோலாய் குஸ்னெத்சோவ் என்று தேடினால் குறைந்தது மூன்று பெரிய மனிதர்கள் வருவார்கள். நானே ஒருமுறை இருவரைக் கலந்து குறிப்பு எழுதி, பிறகு முழுவதையும் அழித்துத் திருத்தியிருக்கிறேன். இருவரும் 1911-இல் பிறந்தவர்கள், அதனால் ஆண்டு ஒத்துப்போனதும் சந்தேகமே வரவில்லை.

முதலாமவர் நிக்கோலாய் கெராசிமோவிச் குஸ்னெத்சோவ், 1904 முதல் 1974 வரை வாழ்ந்தவர். இரண்டாம் உலகப்போரில் சோவியத் கடற்படையின் தலைவர். 1941 ஜூன் 21 இரவு, ஜெர்மனி தாக்குவதற்குச் சற்று முன்பு, கடற்படையை முழுத் தயார்நிலையில் வைத்தவர். போருக்குப் பிறகு இரண்டு முறை பதவி இறக்கப்பட்டார். இழந்த பட்டம் அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து 1988-இல்தான் திரும்பக் கிடைத்தது. ரஷ்யாவின் ஒரே விமானந்தாங்கிக் கப்பலுக்கு இவர் பெயர்தான்.

இரண்டாமவர் நிக்கோலாய் இவானோவிச் குஸ்னெத்சோவ். ஜெர்மன் அதிகாரி வேடத்தில் ரிவ்னே நகரில் உளவு பார்த்து 1944-இல் இறந்தவர். குஸ்னெத்சோவ்ஸ்க் நகரின் பெயர் இவரிடமிருந்து வந்தது. மூன்றாமவர் நிக்கோலாய் த்மித்ரியெவிச் குஸ்னெத்சோவ், 1911 முதல் 1995 வரை. அரக்கோணத்தில் உறுமிய என்.கே.-12 எஞ்சின்களுக்கும், சோவியத் நாட்டின் என்1 நிலவு ராக்கெட்டின் எஞ்சின்களுக்கும் சொந்தக்காரர்.

பிரித்துக் காட்டியது எது? நடுப்பெயர். கெராசிமோவிச் என்றால் கெராசிமின் மகன், இவானோவிச் என்றால் இவானின் மகன். ரஷ்ய, உக்ரைனியப் பெயர்களில் தந்தைவழிப் பெயரை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். போலந்து, செக், குரோவேஷியப் பெயர்களுக்கு அந்த வசதி இல்லை. அங்கே பிறந்த ஆண்டும் தொழிலும்தான் துணை. பிறந்த இடத்தை மட்டும் நம்புவதும் ஆபத்து. குரோவேஷியக் கால்பந்து அணிக்கு ஆடிய நிக்கோ கோவாச், ரோபர்ட் கோவாச் சகோதரர்கள் பெர்லினில் பிறந்தவர்கள். மத்தேயோ கோவாச்சிச் ஆஸ்திரியாவின் லின்ஸில் பிறந்தவர்.

தமிழில் ஒரு பெயர்ப்பட்டியல் தயாரித்தால் ஒவ்வொருவருக்கும் முழுப்பெயர், ஆண்டுகள், எதற்காக அறியப்பட்டார் என்ற ஒரு வரி, இவ்வளவு போதும். கோவாச், கோவாச்சிச், கோவாச்செவிச் மூன்றையும் ஒரே பட்டியலில் கொட்டாதீர்கள். அவை மூன்று தனிப் பெயர்கள்.

ஏழாம் படி: ஏமாற்றும் இடங்கள்

ஹங்கேரியின் கோவாச் முதலாவது. கொல்லரைக் குறிக்கும் சொல்லை ஹங்கேரியர்கள் அண்டை ஸ்லாவியர்களிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். அது அவர்கள் மொழியின் சாதாரணச் சொல்லாகி, அப்புறம் குடும்பப்பெயராகி, இன்று அந்த நாட்டில் மிக அதிகமாக உள்ள பெயர்களில் ஒன்று. ஆகவே ஹங்கேரியக் கோவாச் ஒருவருக்கு ஸ்லாவிய முன்னோர் இருந்தாக வேண்டும் என்பதில்லை. அங்கே குடும்பப்பெயர் முதலில் வரும் என்பதையும் மறக்கவேண்டாம். இதற்கு மாறாக, ஸ்லோவாக்கியாவின் முதல் குடியரசுத் தலைவர் மிஹால் கோவாச், 1993 முதல் 1998 வரை பதவியில் இருந்தவர், ஸ்லோவாக்கியர்.

அடுத்து, வைத்துக்கொண்ட பெயர்கள். 'கில்லர் கோவால்ஸ்கி' என்ற மல்யுத்த வீரர் கனடாவில் போலந்துக் குடும்பத்தில் பிறந்தபோது ஸ்புல்னிக். கோவால்ஸ்கி பின்னால் சேர்ந்தது. போலந்தில் 'யான் கோவால்ஸ்கி' என்பது நம் குப்புசாமி, ராமசாமி போல. மாதிரிப் படிவத்தில் அச்சடிக்கும் பெயர், பத்திரிகை 'சராசரிக் குடிமகன்' என்று சொல்ல வைக்கும் பெயர். செய்தியில் ஒரு யான் கோவால்ஸ்கி வந்தால் அவர் உண்மையான ஆள்தானா என்று ஒருமுறை பாருங்கள்.

மூன்றாவது, பறவை. கோவாலிக் என்ற குடும்பப்பெயர் சின்னக் கொல்லனாகவும் இருக்கலாம், மரம் கொத்தும் பறவையின் பெயரில் வந்த பட்டப்பெயராகவும் இருக்கலாம். அந்தக் குடும்பத்துப் பதிவேட்டைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது.

நான்காவது, பொருளின் பெயரைத் தொழிலாக நினைப்பது. நம் ஐ.என்.எஸ். விக்ரமாதித்யா முன்பு 'அட்மிரல் கோர்ஷ்கோவ்' ஆக இருந்த கப்பல். 'கோர்ஷோக்' என்றால் பானை. குயவர் பரம்பரை என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் 'பானை' என்பது பழைய ரஷ்யாவில் ஒருவருக்கு வைத்த பட்டப்பெயர், எந்தக் காரணத்துக்கும் வைத்திருக்கலாம். குயவருக்கான சொல் 'கொன்சார்', அதிலிருந்து வருவது கொன்சரோவ்.

எட்டாம் படி: எவ்வளவு தூரம் பின்னோக்கிப் போகலாம்?

கத்தோலிக்க நாடுகளில் 1563-இல் திருச்சபையின் திரெந்துப் பொதுச்சங்கம் திருமணங்களைப் பங்கு ஏட்டில், அதாவது ஊர்த் தேவாலயத்தின் பதிவேட்டில், பதியச் சொன்னது. ஞானஸ்நான ஏடுகளும் அதோடு பரவின. குரோவேஷியா, போலந்து, செக் பகுதிகளில் தேடலுக்கு அடித்தளம் அந்த ஏடுகள். ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரச வம்ச ஆட்சியில் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பேரரசர் இரண்டாம் ஜோசப் குடும்பப்பெயர்களைச் சட்டப்படி நிலைப்படுத்தினார். ரஷ்ய விவசாயிகளில் பெரும்பாலோருக்கு 1861-இல் பண்ணையடிமை முறை ஒழிந்த பிறகுதான் நிலையான குடும்பப்பெயர் வந்தது. ஆகவே 1700-ஆம் ஆண்டுக் கிராமப் பதிவில் 'குஸ்னெத்ஸ்' என்று இருந்தால் அது பெயரா, அன்றைக்கு அவர் செய்த வேலையா என்று யோசியுங்கள். மகனுடைய பதிவிலும் அதே சொல் இருந்து, அவர் வேறு வேலை பார்த்தார் என்றால்தான் அது குடும்பப்பெயர் ஆகிவிட்டது என்று சொல்லலாம்.

போலந்துக் குடும்பங்களைத் தேட 'கெனெதேகா' என்ற இணையக் குறியீட்டு ஏடு உதவும். பங்கு ஏட்டுப் பதிவுகளைத் தன்னார்வலர்கள் வரிவரியாகப் படித்து ஏற்றியது. ஊரும் ஆண்டும் தெரியாமல் வெறும் கோவால்ஸ்கி என்று தேடினால் பக்கம் பக்கமாகக் கொட்டும். பெற்றோர் பெயரோடு தேடுங்கள்.

பயிற்சிக்கு ஒரு பெயர்

கடைசியாக, பக்கத்து நாடான லித்துவேனியாவிலிருந்து ஒரு பெயர்: கவாலியாவுஸ்கியெனே. லித்துவேனிய மொழி ஸ்லாவியக் கிளை அல்ல, ஆனால் நூற்றாண்டுக் கணக்கில் போலந்தோடு ஒரே அரசில் இருந்த நாடு. மேலே சொன்ன படிகளை இதில் வைத்துப் பாருங்கள்.

தலை 'கவால்'. கொல்லன் என்று குறி போடலாம். 'ஓ' இருக்க வேண்டிய இடத்தில் 'அ' வந்திருப்பது லித்துவேனியர்கள் தங்கள் நாக்குக்கு ஏற்ப மாற்றிக்கொண்டது. நடுவில் 'யாவுஸ்க்': போலந்தின் 'எவ்ஸ்கி' இங்கே இப்படித்தான் ஆகும். அப்படியென்றால் மூலம் கோவலெவ்ஸ்கி, கொல்லன் பெயர் கொண்ட ஓர் ஊர். கடைசியில் 'இயெனே'. லித்துவேனியாவில் ஆணுக்கு கவாலியாவுஸ்காஸ், மணமாகாத மகளுக்கு கவாலியாவுஸ்காய்த்தே, மனைவிக்கு கவாலியாவுஸ்கியெனே. எனவே அந்த அம்மாவின் பெயருக்குப் பொருள்: கொல்லனூர்க்காரர் வீட்டுக்கு மருமகளாக வந்தவர்.